காயம் காய்வதும் ஆறுவதும்



சில மாதங்களுக்கு முன்னர் இப்பக்கத்தில், யுத்தத்தின்போது உடம்புக்குள் ஏறி அங்கேயே தங்கிவிட்ட செல் துண்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒன்று என்னை நிறைய யோசிக்க வைத்தது. "எனக்குக் காலில் இருந்தது செல் துண்டு இல்லை, கட்டி என்று சொல்லி வெட்டி எடுத்துவிட்டார்கள். ஒன்றரை மாதமாகியும் காயம் காயவில்லை. என்ன மருந்து போட்டால் கெதியில் காயும்?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார்.

நான் வைத்தியர் அல்ல. சமூகவியல் படித்துவிட்டு, கண்டியிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பெண்கள் மத்தியில் வேலை செய்பவள். வைத்தியசாலைக்குத் துணைக்குப் போவதும், சிங்களத்தில் சொல்லப்படுவதைத் தமிழில் எடுத்துச் சொல்வதும், மருந்து கட்டும் அறைக்கு வெளியே வாங்கிலில் காத்திருப்பதும் என் வேலையில் பாதி. அந்த வாங்கிலில் இருந்து பார்த்ததையும், தாதியரிடம் கேட்டுத் தெரிந்ததையும், வாசித்துச் சரிபார்த்ததையும் வைத்தே இம்மாதம் எழுதுகிறேன். உங்கள் காயத்தை நேரில் பார்ப்பவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

கடிதத்தை வாசித்ததும் எனக்குப் புசல்லாவைப் பக்கத்து அக்கா ஒருவரின் நினைவு வந்தது. அவருடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். அவரது குடும்பம் 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் ஒன்று. கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் கச்சான் போட்டு வாழ்ந்தார்கள். 2009ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து போகும் வழியில் அக்காவின் தொடையில் செல் துண்டு பட்டது. சேலையைக் கிழித்துக் கட்டிக்கொண்டே நடந்தாராம். கணவர் அந்தப் பாதையிலேயே போய்விட்டார். காயம் மெனிக் பாம் முகாமில் ஒருவாறு ஆறியது. அதன் பிறகு அங்கே தனக்கென்று எவருமில்லாமல், 2012இல் தோட்டத்திலிருக்கும் பெரியம்மாவின் மகளிடம் வந்து சேர்ந்தார். பெற்றோர் எந்த மலையை விட்டு ஓடினார்களோ அதே மலைக்கு.

2021ஆம் ஆண்டளவில் பழைய தழும்புக்குச் சற்று மேலே, சதைக்குள் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியில்லை. "செல் துண்டு நகர்ந்து வந்திட்டுது" என்று நினைத்தார். எலுமிச்சம்பழம் அளவில் இருந்தது, பிறகு மாங்காய் அளவுக்கு வந்தது. மலைக்குப் போகும்போது படங்கு கட்டினால் உரசியது. அப்போதும் காட்டவில்லை. ஏன் என்று கேட்டபோது, "ஆஸ்பத்திரியில எங்க காயப்பட்டனீங்க எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது தங்கச்சி?" என்றார். இந்தப் பயத்தை உங்களில் பலர் எனக்கு எழுதியும் இருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2023இல் நான் அவரைக் கண்டிக்குக் கூட்டிப் போனபோது வைத்தியர் கேட்டது மூன்றே கேள்விகள்: எவ்வளவு காலமாக இருக்கிறது, வளர்கிறதா, உடம்பில் உலோகத் துண்டு ஏதும் இருக்கிறதா.

மூன்றாவது கேள்வி விசாரணைக்கானது அல்ல, பாதுகாப்புக்கானது. எம்.ஆர்.ஐ. எனும் படம் பிடிக்கும் இயந்திரம் மிகப் பலமான காந்தத்தால் இயங்குவது. இரும்புத் துண்டு உடம்புக்குள் இருந்தால் அது அசையலாம், சூடேறலாம். ஆகவே செல் துண்டு பட்டவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு என்ன செய்வதென்று முடிவு செய்வார்கள். அக்காவின் எக்ஸ்ரேயில் செல் துண்டு ஓரிடத்தில், அரிசி மணி அளவில் சும்மா கிடந்தது. கட்டி வேறு, துண்டு வேறு.

உடம்பில் தோன்றும் சதைக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை கொழுப்புக் கட்டி போன்ற, ஆபத்தில்லாத கட்டிகள்தான். நூறு கட்டிக்கு ஒன்றுகூடப் புற்றுநோயாக இருப்பதில்லை. ஆகவே தடவிப் பார்த்துவிட்டு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். ஆனால் 5 சென்ரிமீற்றரைத் தாண்டியது, வளர்ந்துகொண்டே போவது, தோலுக்குக் கீழே உருளாமல் ஆழத்தில் சதையோடு இருப்பது, ஒருமுறை வெட்டியெடுத்தபின் அதே இடத்தில் திரும்பி வருவது, இவற்றில் எதுவாக இருந்தாலும் காட்டத்தான் வேண்டும். அக்காவுடையது அந்த அரிதான வகை. சார்க்கோமா என்பார்கள். ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பயொப்ஸி செய்தபின், கட்டியோடு சுற்றியிருந்த நல்ல சதையிலும் கொஞ்சம் சேர்த்து வெட்டியெடுத்தார்கள். ஒரு சாணுக்கு மேல் நீளமான தையல். பக்கத்தில் ஒரு குழாயும், இரத்தநீர் இறங்க ஒரு போத்தலும்.

அந்தப் போத்தலைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கட்டி இருந்த இடம் வெற்றிடமாகிவிடும். அதற்குள் நீர் ஊறும். ஊறும் நீர் வெளியே வர வழியில்லாவிட்டால் உள்ளே தேங்கித் தையலைத் தள்ளும். ஒரு நாளில் வரும் நீர் 30 மில்லிலீற்றர் அளவுக்குக் குறையும்போதுதான் வழக்கமாகக் குழாயை எடுப்பார்கள். "போத்தலோடு வீட்டுக்குப் போக வெட்கமாயிருக்கு, எடுத்துவிடச் சொல்லுங்க" என்று அக்கா என்னிடம் கேட்டதுண்டு. நல்ல வேளையாக நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. அவரது அக்கா, அதாவது பெரியம்மாவின் மகள், அன்பானவர். தனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தார். காயம் காய வேண்டுமென்று மருந்துத்தூளைத் தடித்துப்போகும்வரை கொட்டினார். தண்ணீர் படக்கூடாதென்று இரண்டு கிழமை குளிக்க விடவில்லை. மீன் இல்லை, முட்டை இல்லை, பருப்புக்கூடச் சீழ் பிடிக்கும் என்று சோறும் ரசமும் மட்டும் கொடுத்தார். பதினான்காம் நாள் தையல் வெட்டினார்கள். அடுத்த மூன்றாம் நாள் தையலின் நடுவில் மூன்று அங்குல நீளத்துக்குக் காயம் பிளந்து, இரத்தம் கலந்த நீர் பாவாடையெல்லாம் நனைந்து வந்தது. அதையும் ஐந்து நாட்கள் எவரிடமும் காட்டவில்லை. தோட்டத்தில் மருந்து கட்டுபவர் ஓர் ஆண், காயமோ தொடையின் மேற்பகுதியில்.

இதிலுள்ள ஒவ்வொன்றையும் நான் தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் "காய வேண்டும்" என்ற அந்தச் சொல்லைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். நமது பேச்சில் புண் காய்ந்தது என்றும் சொல்கிறோம், புண் ஆறியது என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றென்று நினைத்துவிட்டோம். 1962ஆம் ஆண்டு ஜோர்ஜ் வின்ரர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிக்குட்டிகளின் தோலில் சிறு காயங்களை ஏற்படுத்தி, சிலவற்றைத் திறந்து காய விட்டார், சிலவற்றை மெல்லிய பொலித்தீன் தாளால் மூடினார். மூடப்பட்டு ஈரப்பதமாக இருந்த காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் விளங்கக் கடினமானதல்ல. புதுத்தோல் காயத்தின் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஊர்ந்து வருவது. மேலே காய்ந்த பொருக்கு இருந்தால் அதற்கு அடியில் ஈரமான இடத்தைத் தேடிக் குடைந்துகொண்டு போக வேண்டும். ஈரமான பரப்பு இருந்தால் நேரே வழுக்கிக்கொண்டு போய்விடும். தூளைக் கொட்டினால் பொருக்கு இன்னும் தடிக்கும், சீழ் இருந்தால் அடியில் ஒளிந்துகொள்ளும்.

ஈரம் என்றதும் சொட்டச் சொட்ட நனைய விடுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாள் முழுக்க மழையில் மலையில் நின்றால் விரல் நுனி வெளுத்துச் சுருங்குமே, அதுபோலக் காயத்தின் ஓரத் தோல் ஊறி வெளுத்துவிட்டால் அதுவும் பிளக்கும். வாயின் உட்பக்கம் எவ்வளவு ஈரமோ அந்த அளவு என்று ஒரு தாதி சொன்னார். அதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

எந்தக் காயத்துக்கு எதைக் கட்டுவது என்பது காயம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தையல் போட்டு ஓரங்கள் ஒட்டியிருக்கும் காயத்துக்குச் சாதாரண கோஸ் துணியும் பிளாஸ்டரும் போதும். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டலில், தைத்து மூடிய காயத்தில் தொற்று வராமல் தடுப்பதற்கென்று விலை கூடிய நவீன கட்டுகளைப் பயன்படுத்தத் தேவையில்லை, சாதாரண கட்டே போதும் என்று கூறப்பட்டுள்ளது. பொதுவாக 48 மணித்தியாலத்துக்குப் பிறகு தையலின் மேல் தண்ணீர் ஓட விட்டுக் குளிக்கலாம். தேய்க்காமல், ஊற விடாமல், சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தால் சரி. குழாய் இருந்தால், அல்லது வைத்தியர் வேண்டாமென்றால், பொறுத்திருக்க வேண்டும்.

பிளந்து குழியாகிவிட்ட காயத்தின் கதை வேறு. அதன் ஓரங்களை மறுபடி இழுத்துத் தைக்காமல் அடியிலிருந்து சதை வளர்ந்து நிரம்பி வர விடுவதே பெரும்பாலும் வழக்கம். மேலே மூடி அடியில் பொந்து இருந்தால் ஆபத்து. அதனால் சேலைனில் நனைத்துப் பிழிந்த கோஸ் துணியைக் குழிக்குள் தளர்வாக இட்டு, மேலே உலர்ந்த துணி வைத்துக் கட்டுவார்கள். இறுக்கி அடைத்தால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். அக்காவுக்குச் செய்ததும் இதுதான்.

முதல் கிழமை அவர் பட்ட வேதனையைச் சொல்ல முடியாது. ஓரிடத்தில் காய்ந்து ஒட்டிப்போன துணியை அப்படியே இழுத்து எடுத்தார்கள். துணியோடு புதிதாக வளர்ந்த சிவந்த சதையும் வந்தது. "செல் பட்டபோதுகூட இப்பிடிக் கத்தேல்ல" என்றார். பிறகு கிளினிக்கில் இருந்த வயதான மிஸ்ஸி ஒருவர், கட்டின் மேல் சேலைனை ஊற்றி, பத்து நிமிடம் பொறுத்து, துணி தானாகக் கழன்று வரும்போதுதான் எடுத்தார். ஒரு துளி இரத்தம் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமையுண்டு. "மிஸ்ஸி, கொஞ்சம் நனைச்சிட்டு எடுங்க" என்று சொல்லலாம். கட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு முன் வலிக்குறைப்பு மாத்திரை எடுக்கலாமா என்றும் கேட்கலாம். சிங்களம் வராதவர்கள் மூன்று சொற்களையாவது தெரிந்து வைத்திருங்கள்: காயம் 'துவாலய', சீழ் 'செரவ', காய்ச்சல் 'உண'. எனது சிங்களமும் இப்படித்தான் ஆஸ்பத்திரி வாங்கிலில் வளர்ந்தது.

ஒட்டாத கட்டு என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. முதலாம் உலக யுத்தக் காலத்தில் பிரான்சின் லியோன் நகரில் ஒகுஸ்த் லூமியேர் என்பவர் வலைத்துணியில் வசலின் போன்ற எண்ணெய்ப் பசையை ஊற வைத்துக் காயம்பட்ட படையினருக்குக் கட்டினார். தம்பியோடு சேர்ந்து சினிமாவை உலகுக்குக் காட்டிய அதே லூமியேர்தான். இன்றும் நமது வைத்தியசாலைகளில் வசலின் கோஸ் என்று பயன்படுத்துவது அதன் வழிவந்ததே. மேலோட்டமான காயத்துக்கும், தோல் ஒட்டிய இடத்துக்கும், ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த இடத்துக்கும் அது நல்லது.

இவை தவிர நுரைப்பஞ்சு, கடற்பாசியிலிருந்து செய்யும் கட்டு, வெள்ளி கலந்த கட்டு என்று பாமசிகளில் பல இருக்கின்றன. நிறைய நீர் வடியும் காயத்தில் முதல் இரண்டும் உதவும். மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பதால் பஸ் செலவும் வலியும் குறையும். வெள்ளிக் கட்டு தொற்று உள்ள காயத்துக்கு, அதுவும் குறுகிய காலத்துக்கு. கண்டி நகரில் ஒரு பாமசியில் அக்காவின் அக்காவுக்குச் சில ஆயிரம் ரூபா விலையில் அதைக் காட்டி, இதைப் போட்டால் ஒரு கிழமையில் காயும் என்றார்கள். தோட்டச் சம்பளத்தில் அது எத்தனை நாள் உழைப்பு என்று உங்களுக்குத் தெரியும். தோட்டைக் கழற்றி அடகு வைக்கப் புறப்பட்டவரை மறித்து, முதலில் கிளினிக்கில் கேட்போம் என்றேன். தொற்று அடங்கிவிட்டது, தேவையில்லை என்றார்கள். விலை கூடினது நல்லது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதைக் குறைவாக நினைக்கப் பழகிவிட்டோம். 2022 மார்ச் மாத இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்திவைக்கப்பட்டபோதுதான், சேலைன் போத்தலும் கோஸ் துணியும் எவ்வளவு பெரிய விடயம் என்று பலருக்கு உறைத்தது.

வெற்றிடக் கட்டு என்றும் ஒன்று உண்டு. காயத்தில் பஞ்சு வைத்து, மேலே தாள் ஒட்டி, குழாய் வழியாகச் சிறு இயந்திரம் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெரிய குழிக்காயங்களில் நன்றாக உதவுகிறது. ஆனால் காயத்துக்குள் புற்று மிச்சமிருந்தால் அதை வைக்கக் கூடாது என்பதால், கட்டி முழுதாக எடுபட்டதா என்ற றிப்போர்ட் முக்கியம். அக்காவுக்கு அது தேவைப்படவில்லை.

வீட்டில் கட்ட வேண்டியிருந்தால்? சேலைன் இல்லாவிட்டால் அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு தேக்கரண்டி உப்பைத் தலைதட்டிப் போட்டு ஆற வைத்தால் போதும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே பாவித்துவிட வேண்டும். கோஸ் இல்லாவிட்டால் பழைய பருத்தித் துணியைத் தோய்த்து, அவித்து, வெயிலில் உலர்த்தி, சூடான ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தி எடுத்து வைத்துக்கொள்ளலாம். பஞ்சை நேரே காயத்தில் வைக்க வேண்டாம், நார் ஒட்டும். கை கழுவுவது எல்லாவற்றிலும் பெரிது. பீலித் தண்ணீரில் கழுவினாலும் சவர்க்காரம் வேண்டும். ஸ்பிரிட், டெட்டோல், நுரைக்கும் மருந்து போன்றவற்றைத் திறந்த காயத்துக்குள் ஊற்றாதீர்கள். கிருமியைக் கொல்லும் அதே வேகத்தில் புதிதாக வளரும் சதையையும் அவை கொல்கின்றன. மஞ்சள், கோப்பித்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். தேன் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். வைத்தியசாலைக்கென்று கிருமி நீக்கிய தேன் இருக்கிறது. கடைப் போத்தலில் உள்ள தேன் அதுவல்ல.

இனிச் சாப்பாடு. என் கோபமெல்லாம் இந்த விடயத்தில்தான். குழியை நிரப்ப வேண்டிய சதையை உடம்பு எதைக் கொண்டு செய்யும்? சோற்றையும் ரசத்தையும் கொண்டா? புரதம் வேண்டும். அன்றாடம் ஒரு முட்டை, அல்லது நெத்தலி, கருவாடு, பருப்பு, கௌபி, கடலை என்று கிடைத்ததைச் சாப்பிட வேண்டும். கொய்யா, நெல்லி, பப்பாசி, கீரை சேர்க்க வேண்டும். கத்தரிக்காயும் அன்னாசியும் சூரை மீனும் ஆகாது என்று உங்கள் வீட்டில் சொன்னால் அவற்றை விட்டுவிடுங்கள், அதற்காகச் சண்டை போட நான் வரவில்லை. முட்டையையும் பருப்பையும் விட்டுவிடாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் சீனியைக் கட்டுப்பாட்டில் வைக்காவிட்டால் எந்தக் கட்டும் உதவாது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் அப்படித்தான். அதிலுள்ள நிக்கொட்டின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, காயத்துக்குப் போக வேண்டிய இரத்தம் குறைகிறது. அக்கா வெற்றிலையை விடவில்லை. புகையிலையை மட்டும் விட்டார். அதுவே பெரிய காரியம்.

காயம் பிளந்ததற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண் பட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் மீன் சாப்பிட்டது என்றார்கள். கொழுந்தன், "கைம்பெண் வெளியே திரிந்தால் இப்படித்தான்" என்றார். அதைக் கேட்டு அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்போது நான் தேடி வாசித்த ஒரு விடயத்தை அவரிடம் சொன்னேன். கனடாவில் கை, கால்களில் வந்த சார்க்கோமா நோயாளர்கள் 190 பேரை வைத்துச் செய்து, 2002இல் வெளியான ஆய்வொன்று இருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பின் கதிர் சிகிச்சை பெற்றவர்களில் 17 வீதமானோருக்கும், முன்னரே கதிர் பெற்றுவிட்டுச் சத்திரசிகிச்சை செய்தவர்களில் 35 வீதமானோருக்கும் காயத்தில் பெரிய சிக்கல் வந்தது. நல்ல வசதியுள்ள நாட்டில், நல்ல கட்டுகள் போட்டு, நன்றாகச் சாப்பிட்டவர்களுக்கே ஆறில் ஒருவருக்கு அப்படி. பெரிய கட்டியை எடுத்த இடம் அப்படிப்பட்ட இடம். கண்ணும் இல்லை, குற்றமும் இல்லை. அக்கா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த வெள்ளைக்காரிகளும் கைம்பெண்டுகளோ?" என்று சிரித்தார். அன்று இரவு சாப்பிட்டார்.

குற்றம் இல்லையென்றாலும் அவசரம் இருந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் கதிர் சிகிச்சை தேவைப்படுவோருக்கு, காயம் ஆறிய பின்னரே அதைத் தொடங்குவார்கள். அக்காவுக்கு ஆறாவது கிழமையளவில் தொடங்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். திறந்த காயத்தின் மேல் கதிர் படுவது நல்லதல்ல. அதற்காக மிக நீண்ட காலம் தள்ளிப்போவதும் நல்லதல்ல. மருந்துத்தூளில் போன நாட்கள், பத்தியத்தில் போன நாட்கள், வெட்கத்தில் போன ஐந்து நாட்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேர்ந்தன. கண்டியிலும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் கதிர் சிகிச்சை இருக்கிறது. வடக்கிலுள்ளவர்களுக்குத் தெல்லிப்பழையில் இருக்கிறது. எங்கே போனாலும் முதல் கேள்வி, காயம் மூடிவிட்டதா என்பதுதான்.

வெட்கத்தைப் பற்றி: மருந்து கட்டும்போது பெண் ஒருவர் உடனிருக்க வேண்டுமென்று கேளுங்கள். கட்ட வேண்டிய பகுதியை மட்டும் திறந்து மற்றதை மூடிக்கொள்ள ஒரு துணி கொண்டுபோங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் புசல்லாவையிலிருந்து கம்பளை, பேராதனை என்று பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு கண்டிக்கு வரத் தேவையுமில்லை. கிளினிக்கில் ஒரு கடிதம் எழுதி வாங்கினால் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையிலேயே கட்டலாம். அக்காவுக்கு இந்தக் கடிதத்தை நான் நான்காவது கிழமைதான் கேட்டு வாங்கினேன். முன்னரே கேட்காதது என் தவறு.

வேலைக்குத் திரும்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். காயம் மேலே மூடிவிட்டாலும் உள்ளே பலம் வர நாளெடுக்கும். மூன்றாம் கிழமையில் அந்த இடத்தின் பலம் சாதாரண தோலின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். மூன்று மாதம் போனாலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வருவதில்லை. சரிவில் ஏறி இறங்குவதும், நிறைந்த கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிற்பதும் தொடைத் தையலை இழுக்கும். படங்குக்குள் வேர்வையும் மழைத் தண்ணீரும் தேங்கிக் கட்டை ஊற வைக்கும். அட்டை கடித்த இடமும் சொறிந்தால் புண்ணாகும். எத்தனை நாள் ஓய்வு என்று கிளினிக்கில் எழுதி வாங்கித் தோட்டத்தில் கொடுங்கள், வாயால் சொன்னால் எடுபடாது. உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். கால் வீங்கினால் கிரேப் பன்டேஜைப் பாதத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். விரல்கள் நீலமானாலோ மரத்தாலோ உடனே கழற்றிவிடுங்கள்.

காயத்தைச் சுற்றிச் சிவப்பும் சூடும் பரவினால், நாற்றமோ சீழோ வந்தால், காய்ச்சல் அடித்தால், திடீரென்று நிறைய நீர் வழிந்தால் அடுத்த கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இரத்தம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்து மூச்சு வாங்கினாலோ 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பணம் கேட்க மாட்டார்கள்.

அக்காவின் காயம் பதினோராவது கிழமையில் மூடியது. அதற்குப் பிறகே கதிர் தொடங்கினார்கள். அது தாமதம்தான், வைத்தியரும் மறைக்கவில்லை. இப்போது குறித்த தவணைகளில் கிளினிக்குக்கு வருகிறார், இதுவரை வந்த படங்களில் ஒன்றும் இல்லை. தொடையில் உள்ளங்கை அளவு பள்ளம் இருக்கிறது. மலைக்குப் போவதில்லை, தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறார். செல் துண்டு அங்கேயே இருக்கிறது. அதை எடுக்கவா என்று கேட்டபோது, "அது தன்பாட்டில கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: ஒன்றரை மாதமாகியும் மூடாத காயத்துக்குக் கடிதத்தில் மருந்து சொல்ல என்னால் முடியாது, எவராலும் முடியாது. சத்திரசிகிச்சை செய்த கிளினிக்குக்கே இந்தக் கிழமை போங்கள். தூளெல்லாவற்றையும் நிறுத்துங்கள். உள்ளே நீர் தேங்கியிருக்கிறதா, தொற்று இருக்கிறதா, சீனி எவ்வளவு என்று கேளுங்கள். வெட்டியெடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. சிலர் ஓரிடத்தில் கட்டியை எடுத்துவிட்டு, றிப்போர்ட் வாங்காமலே வந்துவிடுகிறார்கள். பிறகு கட்டி திரும்பி வரும்போது எதுவென்று சொல்ல எவரிடமும் ஒரு காகிதம் இருப்பதில்லை. உங்கள் காயம் ஏன் ஆறவில்லை என்பதற்கான பதில்கூட அந்த றிப்போர்ட்டில் இருக்கலாம். கேட்டு வாங்கி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள், உங்கள் ஊரில் கூட வரக்கூடிய ஒருவரைத் தேடித் தருகிறேன்.